வீட்டு ஆள்தானே

மார்ச் 4

டாக்டர் அவர்களுக்கு,

நான் இங்கே நலம், ஒரு பல்லைத் தவிர. இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல். நீங்கள் ரூட் கேனால் செய்தீர்களே, அதே பல். கொஞ்ச நாளாக அந்தப் பக்கம் மெல்ல முடியவில்லை. ஈறில் ஒரு கொப்புளம் வந்து வந்து உடைகிறது. நரம்பையே எடுத்தாகிவிட்டது, இனி ஆயுசுக்கும் வலிக்காது என்று சொன்னீர்கள். எடுத்த பிறகு எது வலிக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

என் அலுவலகத்துக்கு எதிரில் ஒரு பல் டாக்டர் அம்மா இருக்கிறார். பழைய எக்ஸ்ரே கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்கிறார். அனுப்பி வையுங்கள்.

போனிலேயே கேட்டிருக்கலாம். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன். பிரிந்து வந்த இந்த ஒரு வருஷத்தில்தான் சொல்ல வந்ததைக் கடைசிவரை சொல்லி முடிக்கப் பழகியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய நோயாளி


மார்ச் 9

அன்புள்ள வாயாடிக்கு,

ஒரு வருஷம் கழித்துப் பெண்டாட்டியிடமிருந்து கடிதம். ஆசையாய்ப் பிரித்தால் உள்ளே ஒரு பல்! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. எக்ஸ்ரே அனுப்ப மாட்டேன். உடனே மூக்குக்கு மேல் கோபம் வரும், கொஞ்சம் பொறு.

என் வேலையில் குறை இல்லை. வேருக்குள் ஓடும் மூன்று கால்வாயையும் நுனிவரை சுத்தம் செய்து அடைத்திருக்கிறேன். மாணவர்களுக்கே காட்டலாம், அவ்வளவு அழகான படம். ஆனாலும் சில சமயம் காலை வாரிவிடும். கால்வாய் நேராகவா போகிறது? வளைந்து நெளிந்து போகும். நாலாவதாக ஒன்று கண்ணுக்கே படாமல் ஒளிந்திருக்கும். அதில் துளி கிருமி தங்கினால் போதும். உனக்கு வலிப்பது பல் இல்லை, பல்லைத் தாங்குகிற எலும்பு. அடைத்ததை எடுத்துவிட்டு மறுபடி சுத்தம் செய்ய வேண்டும். முதல் தடவையைவிட இதுதான் கஷ்டம். பழைய அடைப்பைத் தோண்டும்போது கை தவறினால் வேரிலேயே ஓட்டை விழுந்துவிடும். அதைக் கொண்டுபோய் முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம் கொடுப்பாயா?

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பல்லின் மேல் உறையாக ஒரு கேப் போட்டுக்கொள்ளாமல் விட்டது நீ. வருகிறவர்களிடமெல்லாம் தலைதலையாய் அடித்துக்கொள்கிறேன், ரூட் கேனால் செய்த பல் காய்ந்த கட்டை மாதிரி, கேப் போடாவிட்டால் பிளந்துபோகும் என்று. சொந்த வீட்டில் அதைக் கேட்க ஆள் இல்லை.

நேரில் வா. பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் டாக்டர்


மார்ச் 15

உங்களுக்கு,

கேப் போட்டுக்கொள்ளாமல் விட்டது நானா? அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கீழே கிளினிக், மேலே வீடு. ஒரு மாடிப்படிதான் நடுவில். எத்தனை தடவை இறங்கி வந்து கதவோரம் நின்றிருப்பேன்! "இன்னைக்காவது அளவு எடுத்துடலாமா?" என்று கேட்பேன். கையுறையைக் கழற்றாமலே திரும்பிப் பார்ப்பீர்கள். "நீ வீட்டு ஆள்தானே, எப்ப வேணா போட்டுக்கலாம். வெளியாளுங்க எவ்வளவு பேர் காத்துட்டிருக்காங்க பாரு."

தற்காலிகமாக வைத்த அடைப்பு ஒருநாள் சாப்பிடும்போது உதிர்ந்து தட்டில் விழுந்தது. நின்றவாக்கில் எதையோ குழைத்து அப்பிவிட்டு, "ஒரு வாரம் தாங்கும்" என்றீர்கள். நான் பெட்டியைத் தூக்கும்வரை அந்த ஒரு வாரம் முடியவே இல்லை.

பல் மட்டுமா? என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அப்படித்தான். என்னோடு ஒரு மாலை வெளியே நடந்து வருவதென்றாலும் அப்படித்தான். வெளியாள் முதலில், வீட்டு ஆள் பிறகு.

குடித்தேனா, அடித்தேனா, எதற்காகப் போனாள் என்று என் அக்காவிடம் கேட்டீர்களாம். குடிக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. நான்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். தூக்கத்தில் நறநறவென்று கடிக்கிறேன், உங்கள் தூக்கம் கெடுகிறது என்று பக்கத்து அறைக்குப் படுக்கையை மாற்றினீர்களே, ஒரு பல் டாக்டருக்கு அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லையா?

இப்போது ஒரு சலவைக் கடைக்கு மேலே குடியிருக்கிறேன். இஸ்திரி ஆவியில் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். வலிக்கும்போது கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொள்கிறேன்.

எக்ஸ்ரேயை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வாயாடி


மார்ச் 21

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வேலை பார்க்கிறேன். பதில் சொல்ல எனக்கும் இருக்கிறது. சொல்ல ஆரம்பித்தால் சண்டையாகும், வேண்டாம்.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணி உனக்கு. முன்பதிவுப் புத்தகத்தில் என் கையாலேயே உன் பெயரை எழுதியிருக்கிறேன். முன்னும் பின்னும் யாரும் கிடையாது. பல்லைத் திறந்து பார்க்கிறேன். உள்ளே என்ன இருந்தாலும் சரி செய்கிறேன், அன்றே கேப்புக்கு அளவும் எடுத்துவிடுகிறேன். முடிந்ததும் மாடிக்குப் போவோம். நீ மெல்ல வேண்டாதபடி குழைய ஏதாவது சமைத்து வைக்கிறேன். சிரிக்காதே, கற்றுக்கொண்டுவிட்டேன்.

உன் அலமாரியை நான் திறக்கவே இல்லை. எல்லாம் அப்படியே இருக்கிறது. தனியாக இருந்தது போதும். வந்துவிடு.

உன்,
டாக்டர்


ஏப்ரல் 2

உங்களுக்கு,

சனிக்கிழமை பத்து மணிக்கு முன்பே வந்துவிட்டேன். வரவேற்பு மேசையில் புதிதாக ஒரு பெண். முன்பதிவுப் புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். உங்கள் கோணல் எழுத்தில் என் பெயர் இருந்தது. கண் கலங்கிவிட்டது, பொய் சொல்ல மாட்டேன்.

அப்போது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தார். முன்பதிவு இல்லை. உள்ளே போனார். முகமே வீங்கியிருந்தது, பாவம், போகட்டும் என்று இருந்தேன். அடுத்து ஒரு அம்மா, பல் செட் இறுக்குகிறதாம். அவரும் போனார். அப்புறம் ஒருவர் கறை எடுக்க வந்தார். அவரையும் கூப்பிட்டபோது எழுந்து கேட்டேன். அந்தப் பெண் உங்கள் அறைக்குள் தலையை நீட்டிக் கேட்டுவிட்டு, சிரித்த முகமாய் வந்து சொன்னாள்: "டாக்டர் உங்களை உக்காரச் சொன்னார் மேடம். நீங்க வீட்டு ஆள்தானே, கொஞ்சம் பொறுத்துக்குவீங்களாம்."

அவள்மேல் தப்பில்லை. நீங்கள் சொன்னதைத்தானே சொன்னாள்.

என் மடியில் ஒரு பை இருந்தது. மாற்றுத் துணி எடுத்து வந்திருந்தேன். சலவைக் கடைக்காரரிடம்கூட, அறையை வேறு யாருக்காவது விட வேண்டியிருக்கும் என்று சொல்லி வைத்திருந்தேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை டாக்டர் அம்மாவிடம் போனேன். சொன்ன நேரத்துக்குக் கதவைத் திறந்து, "உங்க முறைம்மா, வாங்க" என்று கூப்பிட்டார். பல்லை எடுத்துவிட்டார். வேர் மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. பிளந்த வேரை மறுபடி சுத்தம் செய்து பிரயோஜனம் இல்லையாம். "அப்பவே கேப் போட்டிருந்தா தப்பிச்சிருக்கும்மா" என்றார். கால்வாய்களை அடைத்த வேலை மட்டும் ரொம்ப சுத்தமாம். யார் செய்தது என்று கேட்டார். முன்பு பழக்கமான ஒரு டாக்டர் என்றேன்.

எக்ஸ்ரே இனி வேண்டாம். ஒரு வக்கீலைப் பார்த்துப் பேசிவிட்டேன். அவரிடமிருந்து தாள் வரும், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இதையாவது தள்ளிப்போடாதீர்கள்.

இப்படிக்கு,
வெளியாள்