ஒரு வெத்தலை போடும் நேரம்

மரக்காணம்,
வைகாசி, 2006.

அன்பு மகன் சக்கரபாணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி சிகாமணியும் நலம், உப்பளம் நலம், சின்ன ஆடு மட்டும் குட்டி போட்டுவிட்டுச் செத்துப்போனது. உன் நலத்தையும் கேட்பதுதான் முறை, அதனால் கேட்கிறேன். ஷார்ஜாவுக்குப் போன நாளிலிருந்து உன் போனெல்லாம் தம்பிக்குத்தான் வருகிறது, எனக்கு வருவது அம்மா சாப்டியா என்று ஒரே ஒரு வார்த்தை. சாப்பிட்டேன் அப்பா, சாப்பிட்டேன். இப்போது தம்பி உன் போனை எடுப்பதில்லை என்று அதிசயமாக எனக்கே கடிதம் போட்டிருக்கிறாய். அவன் ஏன் எடுப்பதில்லை என்று வரிசையாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

இந்த வருஷம் வெயில் நன்றாக அடிக்கிறது, உப்பு பூப் பூத்த மாதிரி இறங்குகிறது. போன வருஷம் எப்படிக் கிடந்தது என்று உனக்குத் தெரியாது, நீ டிவியில் பார்த்தவன். கடல் உள்ளே வந்துபோன பிறகு பாத்தியெல்லாம் சேறு, வரப்பு ஒன்றுகூட இல்லை. உன் அப்பா இல்லாத வீட்டில் சிகாமணி ஒருத்தன்தான் சேற்றை வாரிக் கொட்டி, பாத்தி பாத்தியாகக் காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்கினான். குதிகால் வெடித்து உப்புத் தண்ணீர் உள்ளே போய் ராத்திரியெல்லாம் முனகுவான். வேலைக்கு வருகிற சின்னப்பாப்பா அன்றைக்கே சொன்னாள், சின்னவன் மட்டும் இல்லன்னா நீ இந்த ஜென்மத்துல ஒரு கை உப்பு பாத்திருக்க மாட்ட யக்கா என்று. பெரியவனைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது.

அப்படிப்பட்டவனுக்குத்தான் நீ பேரீச்சம்பழப் பைக்குள், கார் என்ஜினில் வேகத்துக்காக மாட்டுகிற அந்த டர்போவை ஒளித்துவைத்து, ஊருக்கு வந்த ஆளிடம் கொடுத்து அனுப்பினாய். இரும்பு நத்தை மாதிரி இருந்தது. அதை அப்பாவின் புல்லட்டில் மாட்ட வேண்டுமாம், வண்டி பறக்குமாம். தினம் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவன் இரண்டு கையாலும் ஸ்பேனர் பிடிப்பான், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அம்மாவுக்கு இதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது என்று நினைத்தீர்கள் இல்லையா? காரில் என்றால் அதைக் குளிரவைக்கக் கூலண்ட் தண்ணீர் ஓடும், புல்லட்டில் ரேடியேட்டர் வைக்க இடம் ஏது, அதனால் தண்ணீர் போகிற ஓட்டை இரண்டையும் அடைத்துவிடு, ஆயில் போய் வந்தாலே சூடு தணியும், திரும்புகிற குழாய் மட்டும் தடியாக, சரிவாக இருக்கட்டும், முன்னால் காற்று படுகிற இடத்தில் ஆயில் கூலரை வை என்றாய். எல்லாம் நினைவிருக்கிறது. அதைவிட முக்கியமாக ஒன்று சொன்னாய். ஓட்டிக்கினு வந்ததும் டக்குனு ஆஃப் பண்ணிடாதடா, சூட்டோட நிறுத்துனா உள்ள நிக்கிற ஆயில் கருகிக் கரியாப் பூடும், தினம் அப்படிச் செஞ்சா சுத்துற ஷாஃப்ட் சுத்தாம புடிச்சிக்கும், கொஞ்ச நேரம் சும்மா ஓட வுடு என்றாய். எவ்ளோ நேரம்ணே என்று கேட்டான். அம்மா ஒரு வெத்தலை போடுற நேரம் என்றாய். இரண்டு பேரும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன்.

இரும்பை கிராமத்துப் பக்கம் ஷெட் போட்டு விதவிதமாக வண்டி கட்டுகிற வெள்ளைக்காரர் ஒருவர் இருக்கிறாரே, தண்ணி இல்லாம இது சூடு தாங்கிச்சின்னா என்கூட வந்துடு, அடுத்த வருஷம் எங்க ஊருக்கே கூட்டிக்கினு போறேன் என்று அவனிடம் சொன்னாராம். இதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை, ஸ்பீக்கர்தான் சொன்னது. அதற்கு நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? உப்புத் தண்ணில கால் வெந்தது போதும்டா, கெளம்பிடு, அம்மா எப்படியோ சமாளிச்சுக்கும் என்றாய். நான் அப்போது உன் தம்பிக்குக் கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தேன். பெற்ற மனம் பித்து என்று எவனோ சொல்லிவைத்தான், அவனுக்கு உன்னைப் போல ஒரு பிள்ளை பிறந்திருக்காது.

அதன் பிறகு தினம் சாயங்காலம் பொம்மையார்பாளையம் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவான். டர்போ பழுக்கக் காய்ந்திருக்கும். இருட்டுவதற்குள் மடை மாற்ற வேண்டும் என்பதால் வண்டியை ஓடவிட்டபடியே மோட்டார் கொட்டகையில் நிறுத்திவிட்டு, யம்மா, வெத்தலை போட்டுக்கினே பாத்துக்கோ, மென்னு முடிச்சதும் சாவியத் திருப்பு என்று சொல்லிவிட்டு ஓடுவான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கொட்டகையில் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கிற டீசல் என்ஜினை ஓட்டுகிறவள் நான், என்னை நம்பாமல் யாரை நம்புவான்? அவன் வரப்பில் ஏறினதும் சாவியைத் திருப்பிவிடுவேன். பக்கத்தில் அந்த என்ஜின் போடுகிற சத்தத்தில் புல்லட் நின்றது யாருக்குக் கேட்கும்? அப்புறம்தான் பையை அவிழ்த்து வெற்றிலையை எடுப்பேன். அவன் திரும்பி வந்து என் வாயைப் பார்ப்பான், செக்கச்செவேலென்று இருக்கும். சரிம்மா என்று போய்விடுவான். ஒரு நாள் விடாமல் இப்படித்தான்.

போன சனிக்கிழமை புதுச்சட்டை போட்டுக்கொண்டு, அப்பா படத்தைக் கும்பிட்டுவிட்டு இரும்பைக்குக் கிளம்பினான். ஷெட் வாசலிலேயே வண்டி வீலென்று கத்தி நீலப்புகையாகக் கக்கியதாம். பிரித்துப் பார்த்தால் உள்ளே அடிப்பிடித்த சட்டி மாதிரி ஒரே கரி, ஷாஃப்ட் அசையவில்லையாம். தண்ணி இல்லாம ஆகாதுன்னு எனக்கு அப்பவே தெரியும் என்று அந்த மனுஷன் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். டெம்போவில் வண்டியைக் கிடத்திக்கொண்டு வந்து இறங்கினவன் என் மடியில் தலையை வைத்து அழுதான், அவ்வளவு பெரிய ஆம்பளை. அண்ணன் சொன்ன கணக்கு தப்பும்மா, ஓட்டைய அடைக்கச் சொல்லி என் பொழப்பையே அடைச்சிட்டான் என்றான். தூரமா குந்திக்கினு சொல்றவனுக்கு இன்னாடா தெரியும் என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். மறுநாள் விடிந்ததும் பலகையை எடுத்துக்கொண்டு உப்பு வாரப் போய்விட்டான். உன் பெயரை எடுத்தாலே எழுந்து போகிறான்.

உன் கணக்கு சரிதான், தப்பே இல்லை. நீ கெட்டிக்காரன் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியட்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். தம்பியிடம் சொல்வதானால் தாராளமாகச் சொல். இப்போது அவனுக்கு அண்ணன் இல்லை, நீ சொன்னால் அம்மாவும் இல்லை. அப்புறம் யார் கையால் சாப்பிடுவான் என்று யோசித்துவிட்டுச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் நின்று வேலை செய்யாதே, சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. நூறு வயசு நீ நல்லா இருக்க வேண்டும், இருந்து இதை நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். இனிமேல் ஊருக்கு யாராவது வந்தால் பேரீச்சம்பழத்தை மட்டும் கொடுத்து அனுப்பு. மற்றபடி என்னைப் பற்றிக் கவலைப்படாதே. நீ சொன்ன மாதிரியே எப்படியோ சமாளித்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
ஆ. வேலம்மாள்.