க்யூபுக்கு மட்டும் ஒரு சட்டி சிமெண்ட்

பிரியமுள்ள மாமா,

அங்கே யாரிடம் வம்பளந்துகொண்டிருக்கிறீர்களோ, கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைக் கேளுங்கள். நெஞ்சுவலி என்று உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. மத்தூரில் உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. ஓசூர் சைட்டிலிருந்து உங்கள் கான்கிரீட் கேங்க் மொத்தமும் வந்திருந்தது.

பந்தியில் சித்தாள் லட்சுமம்மா, பாதி கன்னடம் பாதி தமிழில் உங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். "லேபுக்கு க்யூப் எடுக்கறதுக்கு மட்டும் மேஸ்திரி தனியா கலப்பாரு. ஒரு சட்டி சிமெண்ட் சேத்திப் போடுவாரு. ஏன்னு கேட்டா, 'பொண்ணு பாக்க வர்றாங்கன்னா கந்தலோடயா நிறுத்துவ? நல்ல சேலை கட்டி நிறுத்தும்மா. என் மாப்ள கையெழுத்துப் போடறது'ம்பாரு."

பந்தியே சிரித்தது. அத்தைகூட அழுதுகொண்டே சிரித்தார். நான் மட்டும் பாதியில் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

கூரைக்குப் போட்ட கலவையிலேயே எடுத்து க்யூப் கட்டியாக வார்த்து, லேபில் நசுக்கிப் பார்த்தால்தானே மாமா அது டெஸ்ட்? நீங்கள் காட்டியது வேறு பெண்ணை. அதை நம்பி மூன்று மாடிக்கும் 'பாஸ்' போட்ட இன்ஜினியர் நான். அடுத்த மாதம் நாம் கட்டிய அந்த ஹாஸ்டலுக்கு ஃபேக்டரிப் பெண்கள் குடிவருகிறார்கள்.

உங்களைத் திட்டத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். முடியவில்லை.

முதல் க்யூப் ஃபெயிலான நாள் ஞாபகம் இருக்கிறதா? "மணலு நனைஞ்சு வருது மாப்ள, கலவையில தண்ணி கூடிப்போயி..." என்று ஆரம்பித்தீர்கள். கேங்க் முன்னாலேயே கத்தினேன். "இன்னொரு வாட்டி ஃபெயிலாச்சுன்னா என் மானமே போயிரும்!" நீங்கள் தலையைக் குனிந்து "சரிங்க சார்" என்றீர்கள். அதற்கப்புறம் ஒரு க்யூபும் ஃபெயிலாகவில்லை. படித்தவன் எனக்கு அது உறைத்திருக்க வேண்டாமா?

அன்றிலிருந்து என் எதிரே சார். லட்சுமம்மாவிடம் மட்டும் 'என் மாப்ள'.

கூரையில் துளை போட்டு, துண்டு எடுத்து நசுக்கிப் பார்க்கணும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். "பாஸான ரிப்போர்ட்டை நீயே கிளறுவியா?" என்றார் மேனேஜர். ஆமா என்றேன். அவரைச் சமாளித்துவிட்டேன், அத்தையை முடியவில்லை.

"செத்தவரு மேல குத்தம் எழுதறியா சாமி? அவரு வேலைய யாரும் ஒரு சொல்லு சொன்னதில்லியே."

உண்மைதான். குறை சொன்னால் உறவு போய்விடும் என்ற பயத்தில் யாரும் எதுவும் சொன்னதில்லை. சொன்ன ஒருவனும் கத்தித்தான் சொன்னான். நீங்கள் சொல்ல வந்ததை அவன் கேட்டானா?

நாளைக் காலை துளை போடும் மெஷின் வருகிறது. துண்டை நசுக்கினால் பலம் என்ன எண் வருகிறதோ, அதையே எழுதுவேன். தேறாவிட்டால், கூரையைப் பலப்படுத்தும்வரை ஒரு பெண்ணையும் அதன் அடியில் படுக்க விடமாட்டேன். மேஸ்திரி என்ற இடத்தில் உங்கள் பெயர்தான் வரும் மாமா, மன்னியுங்கள். காரணம் என்ற இடத்தில் ஈர மணலையும் எழுதுவேன், என் கத்தலையும் எழுதுவேன். ஃபார்மில் அதற்கு இடம் போதாது. பின்பக்கம் திருப்பி எழுதுகிறேன்.

சார் இல்லை,
உங்கள் அக்கா மகன்,
மாப்ள.