இரண்டாவது பாட்டில்

மார்ச் 4, செவ்வாய். காலை 6.40.
மூச்சு நிமிடத்துக்கு 28. அக்கா படுத்துத் தூங்கி இன்றோடு பதினொரு நாள்.

நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் தலையணை வைத்து, அதில் நெற்றியைச் சாய்த்துத் தூங்குகிறாள். தூங்குகிறாள் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். சாய்ந்தால் இருமல், படுத்தால் மூச்சு முட்டல்.

மார்பில் தொடங்கிய புற்று நுரையீரலின் உறைக்குப் போய்விட்டது. அங்கே நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. வலது விலாவில் ஒரு மெல்லிய குழாய் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை அதில் பாட்டில் மாட்டி நீரை எடுக்க வேண்டும். பாட்டிலுக்குள் காற்றே கிடையாது. மாட்டினால் தானாக இழுக்கும். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், ஆகவே எடுப்பது நான்.

கற்றுக்கொடுக்க வந்த நர்ஸ் சொன்னது: "ஒரு தடவைக்கு ஒரு பாட்டில், ஒரு லிட்டர். மேல சொட்டுகூட வேணாம் தம்பி. இருமினா உடனே கிளிப்பை மூடிடுங்க."

ஏன் என்று கேட்டேன்.

"நுரையீரல் பயந்துடும்."

இதெல்லாம் ஒரு பதிலா?

மார்ச் 5, புதன்.
ஒரு லிட்டர், பதினான்கு நிமிடம். மூச்சு 24. ஆனாலும் படுக்க முடியவில்லை.

மார்ச் 7, வெள்ளி. மதியம் 2.50. ஆஸ்பத்திரி நடைபாதை.
எழுதிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

காலை ஒன்பதரைக்குப் பாட்டில் மாட்டினேன். ஒரு லிட்டர் நிரம்பியது. ஓட்டம் குறையவே இல்லை. நான் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறவன். டேங்கைப் பாதியில் நிறுத்தினால் அடியில் சேறு தங்கும். திறந்தால் காலி செய்துவிட்டுத்தான் மூட வேண்டும். கை அந்தப் பழக்கத்தில் போய் இரண்டாவது பாட்டிலை எடுத்தது. கைமேல் பழி போடுகிறேன் பார்.

"போதும்டா மீட்டர்" என்றாள். எதைப் பார்த்தாலும் அளக்கிறேனாம், அதனால் அந்தப் பெயர்.

"முழுசா எடுத்துட்டா இன்னிக்கே கால் நீட்டிப் படுக்கலாம்கா."

தலையணையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். இன்னும் எழுநூறு மில்லி இறங்கியது. நடுவில் இருமினாள். நுரையீரல் விரிகிறது, நல்ல அறிகுறி என்று நினைத்தேன். யாரைக் கேட்டு நினைத்தேன்?

அரை மணி நேரத்தில் வாயில் நுரை. இளஞ்சிவப்பு நிறம். ஆக்சிஜன் 79.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, எடுத்த நீரின் அளவைக் குறிக்க நர்ஸ் தந்திருந்த குறிப்பேட்டில் 1000 என்று எழுதினேன். இரண்டு, இரண்டாவது பாட்டிலைக் குப்பைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டேன். அக்கா மூச்சுக்குத் தவிக்கும்போது எனக்கு முடிச்சுப் போட நேரம் இருந்திருக்கிறது.

அதே நாள், மாலை 5.15.
சொல்லிவிட்டேன்.

டியூட்டி டாக்டர் நுரையீரலில் ரத்தக் கட்டி இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். "நீர் ஒரு லிட்டர்தானே எடுத்தீங்க? அப்போ அதனால இருக்க வாய்ப்பு கம்மி. ரத்தம் இளக ஊசி போட்டுட்டு ஸ்கேனுக்குக் கொண்டுபோறோம். அஞ்சு நிமிஷம் நேராப் படுக்க வைக்கணும்."

படுக்க வைப்பதா? இவளையா?

ஸ்ட்ரெச்சர் கதவைத் தாண்டிவிட்டது. ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "ஆயிரத்து எழுநூறு சார். ஆயிரம்னு பொய் எழுதினேன்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "வந்த உடனே கேட்டேனே" என்றார். ஊசியை நிறுத்தச் சொன்னார். இன்னொரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். பிறகு எனக்கு விளக்கினார்: பல நாள் நசுங்கிக் கிடந்த நுரையீரலைச் சட்டென்று இழுத்து விரித்தால் அதன் ரத்தக்குழாய்கள் கசிந்து உள்ளுக்குள்ளேயே நீர் கட்டும்.

காற்றுத் துளை இல்லாமல் வேகமாக உறிஞ்சினால் இரும்பு டேங்கே அப்பளமாக நொறுங்கும். வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை வகுப்பெடுக்கிறவன் நான்தான்.

மார்ச் 8, சனி.
முகத்தில் இறுக்கமான மாஸ்க். மெஷின் காற்றைத் தள்ளுகிறது. ஆக்சிஜன் 86. அவள் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு.
85. இறங்குகிறது. எதையாவது திருக வேண்டும், எதையாவது கழற்றி மாட்ட வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. போயிடாதக்கா. ப்ளீஸ். நான் இனிமே எதையும் தொட மாட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்.
மாஸ்க்கை எடுத்துவிட்டார்கள். மூக்கில் குழாய் மட்டும். 92.

ஒப்பிக்கிற மாதிரி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: இரண்டாவது பாட்டில், பொய்க் கணக்கு, முடிச்சு.

"தெரியும். மாட்டினது என் நெஞ்சுலதானே, பக்கத்து வீட்லயா?"

"அப்புறம் ஏன்கா நிறுத்தச் சொல்லல?"

"சொன்னேனே."

வெகுநேரம் மூச்சு வாங்கினாள். பிறகு, "எனக்கும் படுக்கணும்னு ஆசைடா. அதான் ரெண்டாவது தடவை சொல்லல. முட்டாள்தனத்துல எனக்கும் பாதி பங்கு குடு."

வராண்டாவுக்குப் போய் அழுதேன். தரை துடைக்கும் ஆயாம்மா என்னைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 13, வியாழன்.
பெரிய டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். கசிந்த நீர் வடிந்துவிட்டது. ஆனால் நுரையீரலின் கீழ்ப்பாதி விரியவில்லை. அதன்மேல் புற்று தோல் மாதிரி மூடி இறுகியிருக்கிறதாம். எவ்வளவு நீரை எடுத்தாலும் இனி விரியாது.

"என்னாலயா சார்?"

"இல்ல. இது முன்னாடியே இருந்திருக்கு. நீங்க பண்ணினது தப்புதான், ஆனா இது அதனால வந்ததில்ல."

இதைக் கேட்டு ஒரு நொடி நிம்மதி வந்தது. அந்த நொடிக்காக என்னையே செருப்பால் அடிக்கலாம்.

அடுத்த கீமோவை அவள் உடம்பு தாங்காது, நிறுத்துகிறோம் என்றார். மூச்சுத் திணறல் தெரியாமலிருக்க மருந்து தருவார்கள். முட்டும்போது மட்டும் கொஞ்சம் நீர் எடுக்கலாம்.

"சரி பண்ண என்ன வழி?" என்றேன்.

பேனாவை மூடினார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

மார்ச் 15, சனி. காலை 11.
வீடு. நர்ஸ் வந்தார், இனிமேல் தானே நீர் எடுப்பதாகச் சொன்னார். நான் தள்ளி நின்றேன்.

"அவனே எடுக்கட்டும்" என்றாள் அக்கா.

நர்ஸ் என்னைப் பார்த்தார். கையை நீட்டிக் காட்டினேன், நடுங்கியது.

"நடுங்கட்டும். போன தடவை நடுங்கல, அதான் வம்பு" என்றாள்.

முந்நூறு எடுத்தேன். அவள் விரலை உயர்த்தியதும் மூடினேன். பாட்டிலில் பாதிகூட இல்லை. நர்ஸ் குறிப்பேட்டை என்னிடம் கொடுத்தார்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்வது. எத்தனை நாள் என்று கேட்டால் தெரியாது என்று சொல்வது.

2. மூச்சுக்கான மருந்தை அவள் கேட்கும்போது கொடுப்பது. கடிகாரத்தைக் காட்டி வாதாடாதிருப்பது.

3. பெரிய டாக்டரிடம் "இன்னும் எவ்வளவு நாள்" என்று கேட்காதிருப்பது. அவள் கேட்கச் சொன்னால் மட்டும்.

4. இன்று மாலைக்குள் அவள் கட்டிலைக் கழற்றி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சாய்வு நாற்காலி போடுவது. ஜன்னலைப் பார்த்தபடி. இதை அவளே சொன்னாள்.