கறுப்புக் கட்டத்து மந்திரி

மேலிடத்துக்கு,

இன்று உன் அப்பா வீட்டுக் கூடத்தில் என் கை தவறியதில், சதுரங்க ராஜா அவருடைய தண்ணீர் டம்ளருக்குள் விழுந்துவிட்டார். நானே விரலை விட்டு எடுத்தேன். மாமா அந்தத் தண்ணீரைத் தொடவில்லை.

உள்ளே நுழைந்ததுமே, உன்னை அழைத்துப்போக வந்தேன் என்றிருந்தேன்.

"உக்காருங்க மாப்ள. தோத்தா அப்படியே பஸ் ஏறிடணும். டிரா பண்ணினா அவகிட்ட பேசலாம்."

"ஜெயிச்சா?"

அவர் உன் அம்மாவைக் கூப்பிட்டு அதைச் சொல்லிச் சிரித்தார்.

கடைசியில் என்னிடம் ராஜா மட்டும். அவரிடம் ராஜாவோடு ஒரு மந்திரியும் ஓரத்துச் சிப்பாயும். சிப்பாய் மூலைக்குப் போய் ராணியாகிவிட்டால் என் கதை முடிந்தது. ஆனால் அந்த மூலை வெள்ளைக் கட்டம். அவருடைய மந்திரி குறுக்காக, கறுப்புக் கட்டங்களில் மட்டுமே ஓடுபவர். நான் முந்திக்கொண்டால் என்னைக் கிளப்ப ஆளில்லை. வியர்க்க வியர்க்க ஓடி, ஒரு கட்ட வித்தியாசத்தில் போய் உட்கார்ந்தேன். சண்டை என்றால் மூலையில் வாய் திறக்காமல் உட்காருவதில் எனக்குள்ள தேர்ச்சியைத்தான், என் அக்கா வந்து உன்னைத் திட்டிய அன்று நீயே பார்த்தாயே.

"எந்திரிங்க மாப்ள," என்று மாமா சிப்பாயைத் தள்ளினார். என் ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. டிரா.

உடனே உள்ளறைப் பக்கம் திரும்பி, பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததைச் சத்தமாகச் சொன்னேன்: "அக்காகிட்ட கேட்டுட்டேன். இனிமே உன்னை அப்படிப் பேச மாட்டா."

"எம் பொண்ணு காலைலயே உங்க வீட்டுக்குக் கிளம்பிட்டா மாப்ள," என்றார் மாமா, காய்களை அடுக்கிக்கொண்டே.

பஸ் நிலையத்திலிருந்து,
உன் வீட்டுக்காரன்