பெயரை எழுத மாட்டேன்

சேசு மரி சூசை

வெண்ணந்தூர்,
14-3-1934

என் அன்புள்ள ரோசி அக்காவுக்குத் தங்கை தெரசம்மாள் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நானும் அவரும் சரீர சுகத்துடன் இருக்கிறோம். அவருக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலை, வீட்டுக்கு வந்தும் பலகையும் கையுமாகத்தான் இருக்கிறார். எனக்கு மனசு மட்டும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. இந்தக் கடிதத்தையே இரண்டு தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பக்கத்து வீட்டில் பேதியில் சாகக் கிடந்த குழந்தைக்குத் தாய்க்குத் தெரியாமல் ஞானஸ்நானம் கொடுத்தேன், குழந்தை பிழைத்துக்கொண்டது என்று நான் ஒரு வரிதான் எழுதியிருந்தேன். நீங்கள் நாலு பக்கம் சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள். பாஸ்குத் திருநாளுக்குள் குழந்தை பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதி அனுப்பு, சாமியாரிடம் சொல்லிக் கோயில் புத்தகத்தில் பதிகிறேன், உபதேசியாரை அனுப்பித் தாயிடம் பேசச் சொல்கிறேன் என்கிறீர்கள். அக்கா, நான் பெயரை எழுத மாட்டேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

தாய் யாரென்று உங்களுக்குத் தெரியும். போன வருஷம் நீங்கள் வந்திருந்தபோது கிணற்றடியில் நமக்கும் சேர்த்துத் தண்ணீர் இறைத்து ஊற்றினாளே, அந்தப் பெருமாயிதான். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவளுக்குப் பிறந்த ஒரே குழந்தை. களை வெட்டிவிட்டு வந்தால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே இங்கேதான் வருவாள். நான் செபமாலை சொன்னால் முடிகிற வரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். நான் கூப்பிட்டதும் இல்லை, போகச் சொன்னதும் இல்லை. ஒருநாள் மாதா படத்தைப் பார்த்து, "இந்தம்மாளுக்கும் ஒத்தப் புள்ளதானுங்களாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது என்று கேட்டாள், சொன்னேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவள் மறுநாள் படத்துக்கு ஒரு கை கனகாம்பரம் கொண்டுவந்தாள். இந்த ஊருக்கு வந்த மூன்று வருஷத்தில் நான் செய்த பிரசங்கம் இவ்வளவுதான்.

போன மாதம் குழந்தைக்கு வாந்தியும் பேதியும் கண்டது. மூன்றாம் நாள் மத்தியானம் கண் செருகிவிட்டது. அவள் புருஷன் டாக்டரைக் கூப்பிட ராசிபுரம் போயிருந்தான். பெருமாயி குழந்தையை என் மடியில் போட்டு, "செத்த நேரம் பாத்துக்குங்கக்கா, கஞ்சித்தண்ணி காச்சிக் கொண்டாரேன்" என்று ஓடினாள். அவள் முதுகு திரும்பியதும் செம்பை எடுத்தேன். சாகிற குழந்தை மோட்சம் சேர நீங்கள் கற்றுக்கொடுத்தபடியே மூன்று தரம் தலையில் ஊற்றி, பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்து நாமத்தைச் சொன்னேன். உங்கள் பெயரைத்தான் வைத்தேன். அவள் திரும்பி வந்து, தலை ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்டாள். சூடு தணியத் துடைத்தேன் என்றேன். ஊற்றியதைப் பாவம் என்று நான் சொல்லவில்லை அக்கா. துடைத்தேன் என்றேனே, அதுதான் தொண்டையில் நிற்கிறது.

குழந்தை தேறியதும் என் கை ராசியான கை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதைக் கேட்கக் கேட்க எனக்கு வேலை ஓடவில்லை. உலை கொதித்து வற்றியது, அரிசி போட மறந்திருந்தேன். நல்லதுதானே செய்தாய், வாயை மூடிக்கொண்டு இரு என்றார் அவர். நானும் இருந்து பார்த்தேன். அதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டது.

உபதேசியார் வாயால் தெரிவதைவிட என் வாயால் தெரியட்டும் என்று சனிக்கிழமை போய்ச் சொல்லிவிட்டேன். சண்டை போடுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்துத்தான் போனேன். கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். "என்னக் கேட்டிருந்தா நானே புள்ளைய ஏந்திப் புடிச்சிருப்பனுங்களே, வாத்தியாரம்மா. உங்க மாதாகிட்ட வேண்டிக்கிட்டேதானுங்க நானும் கஞ்சி காச்சுனேன்" என்றாள். என்னை அவள் வாத்தியாரம்மா என்று கூப்பிட்டது இதுவரை கிடையாது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

நாலு நாளாக அவள் இங்கே வரவில்லை. கிணற்றடியில் இப்போதும் எனக்கு இறைத்து ஊற்றுகிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை. குழந்தையைத் தன்னோடு எடுத்து வருவதும் இல்லை. நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செபமாலை சொல்கிறேன். வாய் சொல்கிறதே தவிர, காது வாசலில்தான் இருக்கிறது.

அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், உபதேசியாரை அனுப்ப வேண்டாம். சாமியாரிடம் நானே பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். இந்தத் தபசு காலத்தில் ஒருசந்தி நோன்பு இருக்கும் உங்கள் செபம் எனக்கு வேண்டும். குழந்தை கோயிலுக்கு வரவேண்டும் என்று இப்போது மன்றாட வேண்டாம்.

இதை எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது. சனிக்கிழமை நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன், மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றைக்கு ஊற்றலாமா என்று கேட்காதது போலவே அதையும் நான் அவளிடம் கேட்கவே இல்லை. கடிதத்தை ஒட்டியதும் அவள் வீட்டுக்குப் போகிறேன். என்னை உள்ளே வரச் சொல்ல வேண்டும் என்று மட்டும் மாதாவிடம் மன்றாடுங்கள்.

உங்கள் ஆசீர்வாதத்தை வேண்டும் தங்கை,
தெரசம்மாள்