காரணம் எழுதாத ஒரு நட்சத்திரம்

ஆவடி
சனிக்கிழமை காலை

என் கண்ணு லாவண்யாவுக்கு அப்பா ஆசையோடு எழுதுவது. நானும் அம்மாவும் சாப்பிட்டுத் தூங்கி நடமாடிக்கொண்டு இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் ஒரு குறையில்லாமல் இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குப் பேனாவை எடுத்தார் என்று பயந்துவிடாதே, இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் நடக்கச் சொன்னால் டி.வி. முன்னால் உட்கார்ந்து காலை ஆட்டிவிட்டு அதுதான் நடை என்கிறாள். நம் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், எதற்கு என்று கேட்டால் தோண்டுகிறவனுக்கே தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதனால்தான் கடிதம். போன மாதம் சண்முகசுந்தரம் மாமா தவறிப்போனதைச் சொன்னேன் இல்லையா. ஃபேக்டரியில் அவன் லேத்தில், நான் இன்ஸ்பெக்ஷனில், குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீடு, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவன். ரிட்டயர் ஆகி வெள்ளானூரில் வீடு கட்டிக்கொண்டு போனவன் இரண்டு வருஷம் முன்னால் ஒரு நாவல் எழுதிப் போட்டானே, அதைத்தான் சொல்ல வந்தேன். அவன் நேரில் கொண்டுவந்து தருவதற்குள் நானே வாங்கிவிட்டு அவனை அசத்தலாம் என்று, நீ என் போனில் போட்டுக்கொடுத்த உன் கணக்கிலேயே ஆர்டர் செய்தேன். வந்தது. அறுபத்து நாலாம் பக்கத்துக்கு அப்புறம் நேராக எண்பத்தொன்று. நடுவில் ஒரு ஃபாரம், பதினாறு பக்கம், பைண்டிங்கிலேயே விட்டுப்போயிருக்கிறது. எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியுமே. அந்த நேரம் பார்த்து போனில் புத்தகம் எப்படி என்று ஐந்து நட்சத்திரம் வந்து நின்றது. முப்பத்திரண்டு வருஷம் பழகின கை, பழுதான உருப்படி என்றால் ரிஜெக்ட். ஒன்றை அழுத்திவிட்டேன். கீழே காரணம் எழுத இடம் இருந்தது, போனில் தமிழ் அடிக்கச் சோம்பல், விட்டுவிட்டேன். லாவண்யா, சர்வீஸில் காரணம் எழுதாமல் ஒரு போல்ட்டைக்கூட நான் திருப்பி அனுப்பியதில்லை.

அது ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி நிற்கும் என்றோ, உன் பெயரிலும் உன் போட்டோவோடும் நிற்கும் என்றோ எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. வேறு பிரதி கேட்கலாம் என்று இருந்தேன், உன் விசா அலைச்சலில் மறந்தே போனது. ஒருநாள் சண்முகம் என்னைப் பார்த்து எப்படிடா இருக்கு என்று கேட்டான். பாதியில் வைத்துவிட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பிரமாதம் என்றேன். பாப்பா படிச்சாளா என்றான். சந்தோஷப்படட்டுமே என்று, அவதான்டா மொதல்ல படிச்சா என்று ஒரு பொய்யை எடுத்து விட்டேன். சரி வா டீ சாப்பிடலாம் என்றான். அதற்குப் பிறகு சாகிறவரை அவன் புத்தகப் பேச்சே எடுக்கவில்லை.

கருமாதி முடிந்து வனஜா அத்தை தன் புருஷனின் அலமாரியை ஒழிக்கக் கூப்பிட்டாள். அவனுடைய சொந்தப் பிரதியைக் கையில் கொடுத்தாள், முதல் பக்கத்திலிருந்து பென்சில் கோடு. பத்தி பத்தியாக அடித்திருக்கிறான், ஓரத்தில் கேள்விக்குறி. என்னம்மா இது என்றேன். நம்ம லாவண்யா ஒரு ஸ்டார் குட்த்திருந்துச்சே அண்ணா, பாப்பா படிச்ச பொண்ணு, அது சொன்னா சரியாத்தான் இருக்கும், எங்க தப்பு பண்ணேன்னு தெரிலியேன்னு இத்த வெச்சிகினே உக்காந்துகினு இருப்பாரு, ரெண்டாவது புக்கு எழுதிகினு இருந்தாரு, அத்தயும் மூட்டகட்டி வெச்சிட்டாரு, பாப்பா மேல கோவமெல்லாம் இல்லண்ணா என்றாள். நான்தானம்மா அது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதைச் சொல்லாமல் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து நான் நானாக இல்லை. காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் போனைத் திறந்து பார்க்கிறேன், அந்த ஒன்று அங்கேயே இருக்கிறது, வேறு யாரும் எதுவும் போடவில்லை. பஸ்ஸில் யாராவது அவனைப் போல இருமினால் திரும்பிப் பார்க்கிறேன். பைத்தியம் பிடித்த மாதிரி மதிப்பெண் குறைந்த புத்தகங்களாகத் தேடி அதன் கீழே எழுதியிருப்பதைப் படிக்கிறேன். ஒருத்தர் பார்சல் நனைந்து வந்தது என்று ஒன்று போட்டிருக்கிறார், இன்னொருத்தர் எழுத்து பொடி என்று, இன்னொரு அம்மா தவறாக வேறு புத்தகத்தை ஆர்டர் செய்துவிட்டு அந்தக் கோபத்தில். எழுதினவன் என்ன செய்வான் பாவம்? அதற்காக எல்லாமே தங்கம் என்று சொல்ல மாட்டேன், நாலைந்தை வாங்கியும் படித்தேன், ஒன்றுக்கு அந்த ஒரு நட்சத்திரமே அதிகம். ஆனால் காரணம் சொல்லாமல் நிற்கிற ஒன்று இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு எழுதினவன் எந்தப் பக்கத்தைத் திருத்துவான்? சண்முகத்தின் நாவலை இப்போது முழுசாகப் படித்துவிட்டேன். முதல் மூன்று அத்தியாயம் இழுவைதான், செத்துப்போனவன் என்பதற்காக அளவை மாற்றிச் சொல்ல எனக்கு வராது. மூன்று போடலாம். அந்த விடுபட்ட பதினாறு பக்கத்துக்கு மட்டும் ஐந்தும் போடலாம். குவார்ட்டர்ஸ் மைதானத்தில் ஒரு சின்னப் பெண்ணுக்கு சைக்கிள் கற்றுக்கொடுக்கிற அத்தியாயம் அது. பெயரை மாற்றியிருக்கிறான், ஆனால் நெற்றித் தழும்பு முதற்கொண்டு நீயேதான். அந்தப் பதினாறு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன்.

கடிதத்தைத் தபாலில் சேர்த்த கையோடு வெள்ளானூர் பஸ் ஏறுகிறேன். அனுப்பிவிட்டால் பின்வாங்க முடியாது என்றுதான் முதலில் உனக்கு எழுதினேன். வனஜா அத்தை திட்டினாலும் சரி, உள்ளே வராதே என்றாலும் சரி. நட்சத்திரத்தை எடுத்துவிடாதே. அதன் கீழே காரணத்தை எழுது, பதினாறு பக்கம் இல்லாத பிரதிக்கு என் அப்பா என் பெயரில் போட்டது என்று என் பெயரையும் சேர்த்து எழுது. பிறகு நீ படித்துப் பார்த்து உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைப் போடு, எனக்காகப் போடாதே. அத்தைக்கு ஒரு போன் பண்ணு. உன் பெயரில் நான் செய்ததற்கு என்னை மன்னித்துவிடு கண்ணு. அம்மாவின் ஆசீர்வாதமும் என்னுடையதும் எப்போதும் உனக்கு உண்டு, வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அப்பா
பார்த்தசாரதி

பி.கு. ஜெராக்ஸில் 65ஆம் பக்க ஓரத்தில் பென்சில் எழுத்து சரியாக விழவில்லை. அந்தப் பதினாறு பக்கத்திலும் அவன் ஒரு வரிகூட அடிக்கவில்லை, அங்கே எழுதியிருப்பது இவ்வளவுதான்: "பாப்பா இதையும் படித்துவிட்டுத்தானே போட்டிருப்பாள்."