மேனேஜர் டெசிக்னேட்டுக்கு அம்மா எழுதுவது

கே.கே. நகர், மதுரை
ஆனி மாதம், 1982

அன்பு மகன் மருதுவுக்கு அம்மா செல்லத்தாய் ஆசி கூறி எழுதுவது. மீனாட்சி புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் சுகம். அவருக்குச் சர்க்கரையும் குறையவில்லை, வாயும் குறையவில்லை. பரோடாவில் நீ சுகமா என்று கேட்கத்தான் வேண்டும், ஆனால் நீ எழுதுவதை நம்பலாமா என்று இந்த முறை யோசனையாக இருக்கிறது. இருமலைப் பற்றிக் கேட்டதற்கு ‘நத்திங் சீரியஸ்’ என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு எழுதும்போது எதற்கு இங்கிலீஷ் என்று பக்கத்து வீட்டு ஜெயினம்பு டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இங்கிலீஷ்காரனும் நம்மைப் போல நல்ல பையன், பெரிய வீடு என்று எப்படிப்பட்டது என்பதை முன்னால்தான் சொல்லுவானாம், ஆனால் சம்திங், நத்திங் என்று வந்துவிட்டால் மட்டும் அதைப் பின்னால்தான் வைப்பானாம், சம்திங் ஸ்பெஷல், நத்திங் நியூ என்று. அப்புறம் ஆபீஸ் பட்டங்களிலும் அப்படியாம், போஸ்ட்மாஸ்டர் ஜெனரல், நோட்டரி பப்ளிக். பிரெஞ்சு ராஜாக்கள் விட்டுப்போன பழக்கமாம். ராஜா போனாலும் பட்டம் போகாது போலிருக்கிறது. டவுன்ஹால் ரோட்டில் மீல்ஸ் ரெடி என்று போர்டு போட்டிருக்கிறான், உள்ளே போனால் அரிசி அப்போதுதான் உலையில் கிடக்கிறது, அதையும் இந்தக் கணக்கில்தான் சேர்த்தேன்.

இந்தப் பாடம் எனக்கு எதில் வந்து உதவியது தெரியுமா, உன் அப்பா செய்த காரியத்தில். உன் சித்தப்பா மகன் சின்னச்சாமி தன் பிள்ளைக்கு உசிலம்பட்டியில் காதணி விழா வைத்தான். நம் பக்கத்துப் பத்திரிகை தெரியுமே, பிள்ளையின் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும், சொந்தக்காரர்கள் பெயரும் அவரவர் உத்தியோகமும்தான் பக்கம் பக்கமாக இருக்கும். உன் அப்பா அச்சாபீசுக்குத் தாமே போய் உன் பெயருக்குக் கீழே ‘மேனேஜர் டெசிக்னேட், பரோடா’ என்று போட வைத்துவிட்டு வந்தார். நீ எழுதிய சொல்தானே அது. மண்டபத்தில் ஒரே பேச்சு. போஸ்ட்மாஸ்டருக்குப் பின்னால் ஜெனரல் வந்தால் பெரிய போஸ்ட்மாஸ்டர், அப்படியென்றால் டெசிக்னேட் என்பது மேனேஜர்களுக்கெல்லாம் மேலே உள்ளவன் என்று மொக்கைச்சாமி பெரியப்பா தீர்ப்பே சொல்லிவிட்டார். ‘இம்புட்டுப் பெரிய வேலையா நம்ம மருதுக்கு’ என்று ஆளாளுக்கு வந்து கேட்க, உன் அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, மீசையைத் தடவிக்கொண்டு இலையில் இன்னொரு கரண்டி கறி வாங்கிக்கொண்டார். மறு வாரமே ஒத்தக்கடையிலிருந்து ரைஸ் மில்காரர் பெண் கொடுக்கிறேன் என்று காரில் வந்து இறங்கிவிட்டார்.

அதற்குப் பின்னால் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. உன் தாய்மாமன் சங்கிலி பழங்காநத்தத்திலிருந்து வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தான். முறைமாப்பிள்ளை இருக்கும்போது அவன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் பெண்ணை வெளியே கொடுக்கக் கூடாது அல்லவா, அந்த மரியாதைக்கு வந்தான். ‘எங்க அழகம்மாள எடுக்குறீகளா மச்சான், இல்ல வேற இடம் பாக்கவா’ என்று நேராகக் கேட்டான். உன் அப்பா தட்டைத் தொடவே இல்லை. ‘மாப்ள, பய இப்ப டெசிக்னேட்டு, யோசிச்சுத்தான் சொல்லணும்’ என்றார். என் தம்பி காபியைக் குடிக்காமல் எழுந்து போனான். நீயும் அழகம்மாளும் ஒருவரை ஒருவர் நினைத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? அன்று சாயங்காலமே ஜெயினம்பு டீச்சரிடம் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டேன். பெயர் சொல்லியாகிவிட்டது, இன்னும் நாற்காலியில் உட்காரவில்லை, அதுதான் டெசிக்னேட் என்றார். கம்பெனி புதுக் கிளை திறந்தால்தான் மேனேஜர் என்று நீயே எழுதியிருந்தாய். போன தீபாவளிக்கே திறப்பதாக இருந்த கிளை. அதுவரைக்கும் என்ன செய்கிறாய் ஐயா, கிட்டங்கியில் மூட்டை எண்ணுகிறாயா? அதை எழுத உன் கைக்கு இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

நான் பஸ் ஏறிப் பழங்காநத்தம் போய் என் மகன் இன்னும் மேனேஜர் ஆகவில்லை என்று அவர்கள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். சங்கிலி தலையைக் குனிந்துகொண்டான். டெலிபோன் ஆபீசிலிருந்து அப்போதுதான் வந்த அழகம்மாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ‘வேல பெருசா சிறுசான்னு நான் பாக்கல அத்த. அத மச்சான் சொல்லாம நீங்க வந்து சொல்றீகளே, அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. அவுக சொல்லட்டும். அதுவரைக்கும் அப்பா வேற இடம் பாத்தா நான் வேணாம்னு சொல்ல மாட்டேன்’ என்றாள். சொல்லிவிட்டு எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ஆடி போனதும் ஆவணியில் சங்கிலி ஜாதகத்தை வெளியே எடுத்துவிடுவான், அப்புறம் நான் அழுதாலும் நடக்காது.

அதனால் சொல்கிறேன், இந்தக் கடிதத்துக்குப் பதில் எனக்குப் போடாதே, அழகம்மாளுக்குப் போடு. உன் அப்பாவுக்கும் தனியாக ஒன்று எழுது, ரைஸ் மில்காரர் மறுபடி காரில் வருவதற்குள் அது வந்து சேர வேண்டும். இருமலுக்குத் தூதுவளை காயவைத்து அனுப்புகிறேன், ரசத்தில் போடு. உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தர மீனாட்சியை வேண்டிக்கொள்கிறேன். மூட்டை எண்ணினாலும் நீ என் பிள்ளைதான், எனக்கு அதில் குறை இல்லை. வெட்கப்படாதே என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். நன்றாக வெட்கப்படு, வெட்கப்பட்டுக்கொண்டே எழுது.

இப்படிக்கு
உன் அம்மா
வி. செல்லத்தாய்